யசோதா அக்கா வீட்டு ஜாதிமல்லி

1

மோகனா, தினேஷ், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் படியுங்கள். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் மோகனா மனசுக்குள் திருத்திக்கொள்ளட்டும், சிரிக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த விஷயத்தையும் எழுதியிருப்பேன். என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது இல்லையா, அதற்காக.

புதன்கிழமை மத்தியானம் ஸ்கூல் வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் வெளியே வருவதற்காகக் காத்திருந்தேன். அப்போது மோகனா அனுப்பிய ஒரு வரி வந்தது. "அப்பா, உனக்கு எப்ப தெரியும்?" வேறு ஒன்றும் இல்லை. பதில் அடிக்கலாம் என்று எடுத்தேன், வரவில்லை. பேசி அனுப்பலாம் என்றால் பஸ்ஸுக்குள் பிள்ளைகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். சரி, ரூமுக்குப் போய்ப் பேப்பரில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு யசோதா அக்கா சத்தம் போட்ட அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாம் மூன்று பேரும் சேர்ந்து பேசவே இல்லை. போன் பண்ணினால் அம்மா எடுக்கிறாள். தினேஷ் டியூஷன் போயிருக்கிறான் என்கிறாள். மோகனா குளிக்கிறாள் என்கிறாள். இரண்டு பிள்ளைகளும் எல்லா வெள்ளிக்கிழமையும் அதே நேரத்துக்குக் காணாமல் போனால் எனக்குப் புரியாதா? மஸ்கட்டில் எனக்கு முழுசாக லீவு என்பது வெள்ளிக்கிழமைதான். சனிக்கிழமை வண்டி கழுவ, ஆயில் பார்க்க என்று போய்விடும். அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சு நின்றுபோனால் நான் இங்கே எதற்காக நாளை எண்ணுவது? அதுதான் என் பயம். செடி போனதைப் பற்றி இல்லை.

2

நான் செடி வளர்க்கிற மாடியை நீங்கள் போனில் பார்த்திருக்கிறீர்கள். தண்ணீர்த் தொட்டிகளுக்கும் டிஷ் கம்பிகளுக்கும் நடுவில், பெயின்ட் வாளிகளுக்கு அடியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். ஒரு குண்டுமல்லி, ஒரு காகிதப்பூ, மற்றதெல்லாம் அந்தந்தக் காலத்துக்கு.

இங்கே எல்லாம் தலைகீழ். நம்ம ஊரில் ஆடி, ஆவணி மழையைப் பார்த்து நடுவோம். இங்கே மழையை நம்பி ஒரு விதை கூடப் போட முடியாது. ஐப்பசியில், மாடித் தரையில் வெறும் காலோடு நிற்க முடிகிறதா என்று பார்ப்பேன். நிற்க முடிந்தால் துளுக்க சாமந்தி விதை போடலாம் என்று அர்த்தம். தையிலும் மாசியிலும் பூத்துத் தள்ளும். பங்குனி முடிவில் இலை ஓரம் கருகும். அப்புறம் பிடுங்கிப் போட்டுவிட வேண்டியதுதான். கோடையைத் தாங்கி நிற்பது மல்லியும் காகிதப்பூவும் மட்டும்தான்.

அந்தக் கோடையில் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது. மாடித் தொட்டியில் அது கொதித்துப் போயிருக்கும், வேர் வெந்துவிடும். முதல் வருஷம் நான் அப்படி ஒரு ரோஜாவை வேகவைத்தேன். இப்போது ராத்திரியே வாளியில் பிடித்து ஆறவைத்து, விடியற்காலை வண்டி எடுக்கப் போகும் முன் ஊற்றுகிறேன். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரையும் பிடிப்பேன். என் ரூமில் இருக்கும் முருகேசனை உங்களுக்குத் தெரியும், கீழ்பென்னாத்தூர்க்காரர், லாரி ஓட்டுகிறார். அவர் என்னைப் பார்த்து, "ஏண்ணா, அந்தச் செடிக்கு ஊத்தறதுல பாதிய நீ குடிச்சேன்னா உன் ஒடம்பாவது தேறும்" என்பார். ஆனால் நான் லேட்டாக வந்தால் அவர்தான் தண்ணீர் ஊற்றியிருப்பார். கேட்டால் இல்லை என்பார்.

என் பேச்சும் இங்கே கலந்துபோய்விட்டது. பஸ் பிள்ளைகளோடு பாதி அரபி, பாதி இந்தி. ஒருமுறை அந்த நினைப்பிலேயே உங்களிடம், "இன்னிக்கு பூ மாஃபியா?" என்று கேட்டுவிட்டேன். மாஃபி என்றால் இங்கே இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு முழுவதும் தினேஷ், "சோறு மாஃபி, சாம்பார் மாஃபி" என்று அம்மாவை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு மாசத்துக்குப் போதுமானதாக இருந்தது.

3

போன தடவை லீவில் வந்தபோது வீட்டுக்கு முன்னால் குண்டுமல்லி வைத்தேன். அம்மா அப்போதே சொன்னாள், பின்பக்கம் வையுங்க, முன்னாடி வேண்டாம் என்று. நம் வீடு அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமி என்றால் வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. நான்தான் கேட்கவில்லை. வெறும் காலோடு மலையைச் சுற்றி வருகிறவர்களுக்கு நம் வீட்டைத் தாண்டும்போது மல்லி வாசனை வரட்டும் என்று ஒரு ஆசை. பச்சை வலை கட்டி, எரு போட்டு, பதியன் வாங்கி வந்து நட்டேன். நான் கிளம்புகிற அன்று காலையில் முதல் மொட்டு வந்திருந்தது. அம்மா அதைப் பறிக்கவே விடவில்லை.

அப்புறம் நான் இங்கே வந்ததும் நமக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தினேஷ் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போவான், ஒவ்வொரு செடியாகக் காட்டுவான். நான் கேள்வி கேட்பேன். இலை ஏன் மஞ்சளாக இருக்கிறது, சாம்பல் போட்டாயா, எறும்பு ஏறுகிறதா. பிறகு நான் என் வாளிகளைக் காட்டுவேன். அதற்கு முன்னால் எல்லாம் நம் பேச்சு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். "சாப்டியா?" "ம்." "ஸ்கூல் போனியா?" "ம்." "அம்மாகிட்ட குடு." அவ்வளவுதான் இருந்தது. பிள்ளைகள் வளர வளர அப்பாவிடம் பேச விஷயம் கம்மியாகிவிடுகிறது. பக்கத்தில் இருந்தால் பேசாமலே கூட ஒன்றாக உட்கார்ந்திருக்கலாம். போனில் பேசாமல் உட்கார முடியாது. செடிகள் இருந்ததால் நமக்குப் பேச ஏதோ கிடைத்தது.

சித்ரா பௌர்ணமி அன்று நடந்ததை அம்மா இப்போதுதான் எனக்குச் சொன்னாள். யாரோ புண்ணியவான்கள் அன்னதான வண்டியை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கூட்டம் நெருக்கியதில் வலை சாய்ந்து, அதன் மேல் ஜனங்கள் நின்று சாப்பிட்டிருக்கிறார்கள். பசியோடு வந்தவர்கள், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பார்கள். காலையில் பார்த்தால் செடி எல்லாம் அடியோடு முறிந்து, மேலே பாக்குமட்டைத் தட்டு. மோகனா குச்சி நட்டு, நூல் கட்டி நிமிர்த்திப் பார்த்தாளாம். காலேஜ் போகும் முன்னாலும் வந்த பின்னாலும் தண்ணீர் ஊற்றினாளாம். அந்த வெயிலில் ஒன்றும் பிழைக்கவில்லை.

4

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவே இல்லை, கேட்கவும் மாட்டேன். அந்த நேரம் நான் எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியும்.

எனக்கு பத்தாக்கா புதுப்பிக்க வேண்டியிருந்தது. பத்தாக்கா என்றால் இங்கே தங்கியிருப்பதற்கான அட்டை. அது கையில் வந்தால்தான் ஊருக்கு வர லீவு. ஆபீசில் மெஷின் மேல் விரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தேன், மறுபடி சிவப்பு. கவுன்டரில் இருந்த பையன் என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ரேகையே இல்லையே, என்ன வேலை செய்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டான். டிரைவர் என்றேன். டிரைவர் விரல் இப்படி இருக்காதே என்றான். வேறு வழியில்லாமல் செடி வளர்க்கிறேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை. தேங்காய் எண்ணெய் தடவுங்கள், மண்ணைத் தொடாதீர்கள், அப்புறம் வாருங்கள் என்றான். போனேன், மறுபடி போனேன். ஒரு விரல் எடுக்கும், ஒரு விரல் எடுக்காது. எல்லாம் முடிந்து அட்டை வருவதற்குள் ஸ்கூல் லீவு முடிந்து வண்டி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். என் லீவும் போயிற்று.

அந்த வாரங்களில் போனில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். அம்மா உங்களிடம், இப்ப செடி செத்ததை வேற சொல்லாதீங்க, மனுஷன் தாங்க மாட்டார் என்றிருக்கிறாள். நீங்களும் சொல்லவில்லை. நான் பூவைக் காட்டச் சொல்லிக் கேட்டதும் தினேஷ் சுவர் ஓரம் போய், பக்கத்து வீட்டு யசோதா அக்காவின் செடியைக் காட்டிவிட்டான்.

மோகனா, நீ கேட்டாய் இல்லையா, எப்ப தெரியும் என்று. அந்த முதல் நாளே தெரியும்.

குண்டுமல்லிக்கு இலை ஒவ்வொன்றும் தனி இலை, எதிரும் புதிருமாக இரண்டிரண்டாக வரும். யசோதா அக்கா வீட்டில் இருப்பது ஜாதிமல்லி. அதற்கு ஒரே காம்பில் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டி இலை, நுனியில் ஒன்று. மொட்டும் குண்டாக இருக்காது, நீளமாக, வெளிப்பக்கம் லேசாக ரோஸ் ஓடியிருக்கும். செடி வளர்க்கிறவனை வேறு எதில் ஏமாற்றினாலும் இதில் ஏமாற்ற முடியாது. நம் செடி போய்விட்டது என்று புரிந்துவிட்டது. ஆனால் தினேஷின் குரல் அவ்வளவு கவனமாக இருந்தது, பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி. நான் சும்மா, "மொட்டு ஏன்டா நீட்டமா இருக்குது?" என்று கேட்டேன்.

"நல்லா தண்ணி ஊத்தறோம்ல பா. நீண்டுச்சு" என்றான்.

போனை மூடிவிட்டுத்தான் சிரித்தேன். முருகேசன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். அதற்குப் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் நான் கேட்பேன், நீங்கள் சொல்வீர்கள். குண்டுமல்லி பூக்க வேண்டிய காலம் முடிந்து, புரட்டாசியில் கூட நம் வீட்டுச் செடி கூடை கூடையாகப் பூத்தது. நான் ஆச்சரியப்பட்டேன், தினேஷ் உரம் என்றான், மோகனா மண் ராசி என்றாள். இவ்வளவு நேரம் நீங்கள் இரண்டு பேரும் என்னோடு பேசி நான் பார்த்ததே இல்லை. பொய்தான். ஆனால் அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

5

தீபம் முடிகிற வரை நம் தெருவில் யாரும் மல்லிச் செடியில் கத்தி வைக்க மாட்டார்கள். மலை மேல் எரிகிற தீபம் அணைந்து, கூட்டமும் போன பிறகுதான் கவாத்து. பழைய கிளையை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இருக்கிற இலையையும் உருவிவிட்டால்தான் பங்குனியில் புதுத் தளிரும் மொட்டும் வரும். அந்த நாள் வந்ததும் எனக்கு ஒரு விளையாட்டுப் புத்தி வந்தது. வெட்டச் சொன்னால் இவர்கள் என்ன செய்வார்கள், யசோதா அக்கா செடியை வெட்ட முடியாது, அப்போது உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"தினேஷு, கத்திய எடு. வெட்டு, நான் பாக்கறேன்" என்றேன்.

மோகனா, இன்னொரு நாள் வெட்டலாம் பா என்றாள். நான் இன்றைக்கே நல்ல நாள் என்றேன். என் பிள்ளை கத்தியை எடுத்து, சுவருக்கு மேல் எக்கி, பக்கத்து வீட்டுச் செடியில் ஒரு பெரிய கிளையை நிஜமாகவே வெட்டிவிட்டான். வெட்டாதே என்று நான் வாயைத் திறப்பதற்குள் கிளை கீழே விழுந்துவிட்டது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. "டேய், யார் ஊட்டு செடிய யாருடா வெட்டறது?"

போனில் எனக்கு இலைகள் மட்டும்தான் தெரிந்தன. அக்கா நெருங்கி வந்துவிட்டார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. "ஆறு மாசமா ஒங்க அப்பனுக்கு என் பூவ காட்டிக்கினு இருந்தீங்க. சரி, அங்க போயி கெடக்கறாரு, பாத்துட்டு போவட்டும்னு வுட்டேன். இப்ப கவாத்து வேறயா? நாளைக்கு என் ஊட்டயே காட்டி எங்க ஊடுன்னு சொல்லுவ போல!"

போன் ஆடியது, வானம் தெரிந்தது, யாருடைய காலோ தெரிந்தது, கட் ஆகிவிட்டது.

நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. ராத்திரி அம்மாதான் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு முதலிலேயே தெரியும் என்று சொன்னேன். பசங்களுக்கு அத சொல்லாதீங்க, இன்னும் அசிங்கமாப் போவும் என்றாள். ஆனால் அவளே உங்களிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, இல்லாவிட்டால் மோகனா இப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

யசோதா அக்காவுக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்குள் தணிந்திருந்தார். "வெட்டினது என்னமோ சரியாத்தான் வெட்டிக்கிறான் ஒம் பையன். சாய்ச்சு, கணுவுக்கு மேல. மீதியும் அவனையே வந்து வெட்டச் சொல்லு, எனக்கு இடுப்பு குனிய வரல" என்றார். தினேஷ், இதை அம்மா உன்னிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் நீ போயிருக்க மாட்டாய்.

இதுவரைக்கும் புதன், வியாழன் இரண்டு நாளும் உட்கார்ந்து எழுதியது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கும் கூப்பிடுவேன். உங்களில் யாராவது எடுங்கள் என்று இங்கேயே எழுதி அனுப்பலாமா என்று யோசித்தேன். அப்படிக் கேட்டு வாங்கினால் எப்படி? அதனால் இப்போது அனுப்பவில்லை, கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன்.

6

சனிக்கிழமை. நேற்று நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

மாடியில் வழக்கமான இடத்தில், வாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டேன். அம்மா எடுத்தாள். கொஞ்சம் இருங்க என்றாள். கதவு திறக்கிற சத்தம், தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு, மறுபடி அம்மா, "பேசுடா, கடிச்சிடவா போறாரு" என்று சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டது. பிறகு போன் கை மாறியது. திரையில் நம் வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. வழக்கம் போல் பின்பக்கக் கேமரா.

"காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல பா" என்றான் தினேஷ்.

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல் இல்லை. உடைந்து, கனத்து, பாதியில் கீச்சென்று போனது. எப்போது இது இப்படி ஆயிற்று என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாசமாக நான் இலையைப் பார்த்தேன், மொட்டைப் பார்த்தேன், பூச்சி இருக்கிறதா என்று உற்று உற்றுப் பார்த்தேன். கேமரா எப்போதும் செடிப் பக்கமே திரும்பியிருந்தது. அதைப் பிடித்திருந்த பிள்ளையை நான் பார்க்கவே இல்லை. காட்டச் சொன்னதும் செடியைத்தான்.

"செடிய யாருடா கேட்டா? போன திருப்பு" என்றேன்.

"எதுக்கு?"

"திருப்புடா."

திருப்பினான். உதட்டுக்கு மேல் மீசை அரும்பியிருந்தது. தாடை நீண்டிருந்தது. கழுத்தில் தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. என் தம்பியை அந்த வயசில் பார்த்த மாதிரி இருந்தது. அவனுக்கு வெட்கம், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து மோகனா எட்டிப் பார்த்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். எப்போது போட்டாய் என்று கேட்டேன். ஆடியிலேயே போட்டுவிட்டதாகச் சொன்னாள். சொல்லவே இல்லையே என்றேன். "நீ கேட்டது எல்லாம் எறும்பு ஏறுதா, மாவுப்பூச்சி வந்துதான்னுதானே பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு அவள், "நீயும் திருப்பு பா" என்றாள்.

நானும் அப்போதுதான் பார்த்தேன், என் கேமராவும் வாளிகளைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. திருப்பினேன்.

"ஒண்ணுமே தெரில. இருட்டா கீது" என்றான் தினேஷ்.

"பின்னாடி வெயிலு பா, மூஞ்சி கறுப்பா இருக்குது. இப்படி வா, இல்ல, அப்படி" என்று மோகனா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்தேன், திரும்பினேன், வாளி தட்டியது. எங்கே நின்றாலும் ஒரு செடி நடுவில் வந்தது. கடைசியில் மூக்கும் ஒரு காதும் மட்டும் தெரிகிறது என்று இரண்டு பேரும் சிரித்தீர்கள். அப்புறம் கண்ணாடி பவர், தினேஷின் கபடி டீம், அம்மாவின் முட்டி வலி என்று பேசினோம். செடியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் மட்டும் தினேஷ், நாளைக்கு யசோதா அக்கா வீட்டில் மீதியை வெட்டப் போகிறேன் என்று முணுமுணுத்தான். சரி என்றேன். எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

நீங்கள் போனை வைத்ததும் மாடியில் நான் மட்டும்தான் இருந்தேன். மேற்குக் கைப்பிடிச் சுவர் ஓரம் இருக்கிற வாளிகளுக்குத்தான் குளிர்காலத்தில் சாயங்கால வெயில் நன்றாகக் கிடைக்கும், அதனால்தான் அங்கே வைத்திருந்தேன். துளுக்க சாமந்தி மொட்டு விட்டிருக்கிறது. ஒவ்வொன்றாகத் தூக்கி எதிர்ப்பக்கம், தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு மாற்றினேன். மல்லி வாளி கனம், அதை இழுத்துக்கொண்டுதான் போனேன். பூ கொஞ்சம் கம்மியாகத்தான் வரும். இடம் காலியானதும் ஒரு வெறும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வெயிலைப் பார்த்த மாதிரி அதன் மேல் உட்கார்ந்தேன். போனை எடுத்து, யாரையும் கூப்பிடாமல், கேமராவை மட்டும் என் பக்கம் திருப்பி, முகம் தெரிகிறதா என்று பார்த்தேன்.